கட்டிடத்துக்கும் ஒரு வாக்குச்சீட்டு



பெற்றோரே, பழைய மாணவர்களே, ஊரவர்களே! கொஞ்சம் நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

எமது பாடசாலையின் ஆரம்பப் பிரிவுக் கட்டிடத்துக்குக் கூரை மாற்ற வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாரி மழைக்குத் தரம் 3 பிள்ளைகள் கதிரையைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொதுக்கூட்டமும் வரப்போகிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை குறித்து வசூலிப்பதா, தனவந்தர்களைத் தேடிப் போவதா, வலயத்துக்கு இன்னுமொரு கடிதம் எழுதுவதா என்று ஆளுக்கொரு கதை.

இதற்கிடையில் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் வட்ஸ்அப் குழுவில் ஒரு கருத்துப் போட்டார். "அமெரிக்காவில இதுக்கெல்லாம் தேர்தல் வெச்சுத்தான் முடிவெடுப்பாங்க. ஊர்ச்சனம் வாக்குப் போட்டாத்தான் பள்ளிக்கூடம் கட்டலாம்." அவ்வளவுதான், குழு இரண்டாகப் பிரிந்தது. "அப்படி இருந்தா நாம எங்கயோ போயிருப்பம்" என்றார் ஒருவர். "நம்மட ஆக்களுக்கு வாக்கைக் குடுத்தா அதிலயும் கட்சி வரும்" என்றார் மற்றவர். அன்றிரவு தஹஜ்ஜுத் நேரம் வரைக்கும் அந்தச் சண்டை நடந்தது. கூரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பழைய மாணவர் சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை எழுதுவதற்குத்தான் இந்தப் பதிவு. பொதுக்கூட்டத்தில் நாம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கும் அது உதவும் என்று நினைக்கிறோம்.

எமது நாட்டில் பாடசாலைக்குப் பணம் மேலிருந்து வருகிறது. தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சு, மாகாணப் பாடசாலை என்றால் மாகாண நிருவாகம். பிரதேச சபை வீட்டுக்கு வீடு சோலைவரி எடுக்கும், வடிகான் வெட்டும், தெருவிளக்குப் போடும். பாடசாலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அமெரிக்காவில் நேர் எதிர். அங்கே சுமார் 13,000 கல்வி மாவட்டங்கள் இருக்கின்றன. மாவட்டம் என்றவுடன் அம்பாறை, மட்டக்களப்பு அளவில் நினைக்க வேண்டாம். பல இடங்களில் ஒரு சிறிய நகரம்தான் ஒரு கல்வி மாவட்டம். அதற்குப் பெரும்பாலும் மக்கள் தெரிவுசெய்த ஒரு கல்விச் சபை உண்டு. பாடசாலைச் செலவில் மத்திய அரசு கொடுப்பது சுமார் பத்தில் ஒரு பங்குதான். மீதியை மாநிலமும் ஊரும் பார்க்க வேண்டும். ஊர் தன் பங்கைப் பெரும்பாலும் காணி, வீடுகள் மீதான வரியிலிருந்து எடுக்கிறது. அதாவது நம்முடைய சோலைவரி மாதிரியான ஒரு வரி, ஆனால் பாடசாலைக்குப் போகிறது.

கட்டிடம் கட்டுவது என்று வந்தால் வருட வரி போதாது. எனவே கல்வி மாவட்டம் கடன் வாங்க வேண்டும். அந்தக் கடன் பத்திரத்துக்குப் பெயர் பிணைமுறி. இந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு 2015 பெப்ரவரியில் மத்திய வங்கியில் நடந்ததுதான் ஞாபகம் வரும். அந்தக் கதை வேறு. பிணைமுறி என்பது அடிப்படையில் "இவ்வளவு பணம் தா, இத்தனை வருடத்தில் வட்டியோடு திருப்பித் தருகிறேன்" என்ற எழுத்து. கல்வி மாவட்டம் அதை முதலீட்டாளர்களுக்கு விற்கும், வரும் பணத்தில் கட்டும், இருபது முப்பது வருடங்களுக்கு வீட்டு வரியில் ஒரு மேலதிகத் துண்டைச் சேர்த்துக் கடனை அடைக்கும். அந்தத் துண்டைக் கட்டப்போகிறவர்கள் ஊர் மக்கள். எனவே அவர்களிடம் முதலில் சம்மதம் கேட்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் அந்தச் சம்மதம் வாக்குச்சீட்டில் கேட்கப்படுகிறது.

வட்டி என்றதும் எம்மில் பலருக்கு மனம் சுருங்கும். சுருங்கத்தான் வேண்டும். இது மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் பதிவு அல்ல, அதை உலமாக்களிடம் விடுகிறோம். ஆனால் அந்த நாட்டிலேயே வட்டி என்ன செய்தது என்பதற்கு ஓர் உதாரணம் மட்டும். கலிபோர்னியாவில் சான் டியாகோவுக்குப் பக்கத்தில் பவே என்ற கல்வி மாவட்டம் இருக்கிறது. வீட்டு வரி வீதத்தைக் கூட்டமாட்டோம் என்று சொல்லி மக்களிடம் சம்மதம் வாங்கிய அந்த மாவட்டம், 2011 இல் 10 கோடி 50 இலட்சம் டொலர் கடன் எடுத்தது. வரியைக் கூட்ட முடியாது, பணமும் வேண்டும். அதனால் இருபது வருடங்களுக்கு மேல் ஒரு சதமும் திருப்பிக் கட்டாமல் வட்டிக்கு மேல் வட்டி ஏறும் வகையில் அந்தக் கடனை எடுத்தார்கள். 2051 இல் அடைத்து முடிக்கும்போது கொடுத்திருக்கும் தொகை கிட்டத்தட்ட 100 கோடி டொலர். அந்தக் கட்டிடத்தில் படித்த பிள்ளையின் பிள்ளையும் அந்தக் கடனைக் கட்டும். செய்தி வெளிவந்து பெரிய சத்தம் போன பிறகு, 2013 இல் மாநிலம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. இந்த மாதிரிக் கடனில் திருப்பிக் கொடுக்கும் மொத்தம், வாங்கிய தொகையின் நான்கு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று. நான்கு மடங்கு என்பதே அவர்களுக்குக் கட்டுப்பாடு!

சரி, வட்டியை ஒரு பக்கம் வைப்போம். அந்த முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று இருக்கிறது.

கலிபோர்னியாவையே வைத்துக்கொள்வோம். கல்விச் சபை பிணைமுறிக்குப் போக விரும்பினால், வாக்குச்சீட்டில் அதன் விபரத்தை 75 சொற்களுக்குள் எழுத வேண்டும். எவ்வளவு பணம், எதற்கு என்று. அதோடு தேர்தல் அலுவலகம் வீட்டுக்கு வீடு அனுப்பும் கையேட்டில், ஆதரிப்பவர்கள் 300 சொற்களுக்குள் தங்கள் நியாயத்தை எழுதலாம். எதிர்ப்பவர்களும் அதே 300 சொற்களுக்குள் எழுதலாம். பிறகு ஒருவருக்கொருவர் பதில். நமக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எதிர்ப்பவரின் பேச்சும் அதே எழுத்தில், அதே அளவில், அரச செலவில் அச்சாகி ஊருக்குப் போகிறது. இங்கே பொதுக்கூட்டத்தில் ஒரு பெற்றார் எழும்பி "போன வருடக் கணக்கு எங்கே?" என்று கேட்டால் அவருக்கு என்ன பெயர் வைப்போம்? குழப்பவாதி. அடுத்த நாள் அவருடைய பிள்ளையின் வகுப்பிலும் அந்தப் பெயர் தெரிந்துவிடும்.

எத்தனை பேர் ஆம் என்றால் போதும் என்பதும் ஒரு பெரிய கதை. கலிபோர்னியாவில் 1978 இல் 13 ஆம் இலக்கப் பிரேரணை என்று ஒன்று நிறைவேறியது. வீட்டு வரி ஏறி ஏறிப் போவதைப் பார்த்துக் கொதித்த மக்கள், வரி மதிப்பிட்ட பெறுமதியில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று பூட்டுப் போட்டார்கள். ஓய்வூதியக்காரர்கள் வீட்டை இழக்காமல் தப்பினார்கள். அதே பூட்டு பாடசாலைக்கும் விழுந்தது. பிறகு கட்டிடப் பிணைமுறிக்கு மட்டும் வழி திறந்தார்கள், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். நூறு பேர் வந்து 66 பேர் ஆம் என்றாலும் தோல்விதான். மீதி 34 பேரின் சொல்தான் எடுபடும். ஐடஹோ மாநிலத்திலும் அதே மூன்றில் இரண்டு. வொஷிங்டன் மாநிலத்தில் 60 சதவீதம். 58, 59 என்று எடுத்தும் தோற்றுப்போய், அடுத்த வருடம் அதே ஒழுகும் கட்டிடத்தில் வகுப்பு நடத்துகிற கதைகள் அங்கே ஏராளம். பணக்கார நாட்டிலும் கூரை ஒழுகும் என்பதை நம்மவர்களுக்குச் சொல்லி வைப்போம்.

2000 ஆம் ஆண்டு நவம்பரில் கலிபோர்னியா மக்கள் 39 ஆம் இலக்கப் பிரேரணையை நிறைவேற்றினார்கள். இனி 55 சதவீதம் போதும் என்று. (அந்தப் பிரேரணையே 53 சதவீதம் சொச்சத்தில்தான் வென்றது. 55 வேண்டும் என்ற சட்டத்துக்கு 53 போதுமாக இருந்தது. அரசியலில் இப்படியும் நடக்கும்.) ஆனால் சும்மா தரவில்லை. குறைந்த வாக்கில் வெல்ல வேண்டுமானால் நான்கைந்து விடயங்களுக்குக் கட்டுப்பட வேண்டும்.

எந்தப் பாடசாலையில் எந்த வேலை என்ற பட்டியலை வாக்கெடுப்புக்கு முன்பே எழுதி வெளியிட வேண்டும். அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒரு யன்னல் கூட மாற்ற முடியாது. ஆசிரியர் சம்பளத்துக்கோ அதிகாரிகள் சம்பளத்துக்கோ அதில் ஒரு சதம் தொட முடியாது. வருடா வருடம் கணக்காய்வு, அதுவும் இரண்டு வகை. பணம் சரியா என்று ஒன்று, சொன்ன வேலைக்குத்தான் பணம் போனதா என்று மற்றது. வரிக்கும் ஒரு மேல் எல்லை உண்டு. ஒன்றிணைந்த கல்வி மாவட்டம் என்றால் ஒரு இலட்சம் டொலர் மதிப்பீட்டுக்கு வருடத்துக்கு 60 டொலருக்கு மேல் போகாது என்று காட்ட வேண்டும். ஐந்து இலட்சம் என்று மதிப்பிட்ட வீட்டுக்கு 300 டொலர். வாக்காளர் சமையலறையில் இருந்தபடியே தன் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

மேற்பார்வைக் குழுதான் முக்கியம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். அதில் பெற்றோர் ஒருவர், பெற்றோர் ஆசிரியர் அமைப்பில் வேலை செய்கிற இன்னுமொரு பெற்றார், வியாபார அமைப்பிலிருந்து ஒருவர், முதியோர் அமைப்பிலிருந்து ஒருவர், வரி செலுத்துவோர் சங்கத்திலிருந்து ஒருவர் கட்டாயம். கடைசியாகச் சொன்னவர் பெரும்பாலும் பிணைமுறியையே விரும்பாத ஆளாக இருப்பார்! அவரைத்தான் கூப்பிட்டுக் கணக்குப் பார்க்க வைக்கிறார்கள். கல்வி மாவட்டத்தில் வேலை செய்கிற எவரும் அந்தக் குழுவில் இருக்க முடியாது. சாமான் கொடுக்கிறவர், கொந்தராத்துக்காரர், ஆலோசகர் ஒருவரும் இருக்க முடியாது.

இப்போது எமது பக்கத்துக்கு வருவோம். எமது பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் அதிபர்தான் தலைவர். அது சுற்றறிக்கை. அதில் நாம் ஒன்றும் செய்ய முடியாது, குறையும் சொல்லவில்லை. நாமும் ஆசிரியர்தான், அதிபர்மார் படும் பாடு தெரியும். ஆனால் சங்கத்தின் குழுவில் சீமெந்துக் கடைக்காரரும் இருந்து, சீமெந்தும் அவருடைய கடையில் வாங்கி, கணக்கையும் அவரே வாசித்த ஒரு பாடசாலையை நாம் அறிவோம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு மண்டபத்துக்குத் தூண் எழுப்பி, கம்பி வானத்தைப் பார்த்தபடி துருப்பிடித்து நிற்கிறது. அந்த மனிதர் ஒரு சதமும் எடுக்கவில்லை என்றே நாம் நம்புகிறோம். ஆனாலும் ஊர் இன்று வரை அவரைக் கள்ளன் என்றுதான் சொல்கிறது. வெளியாள் ஒருவர் கணக்குப் பார்த்திருந்தால் அவருடைய மானமும் தப்பியிருக்கும்.

கட்டிடத்தின் பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 1933 மார்ச் 10, வெள்ளிக்கிழமை, கலிபோர்னியாவின் லோங் பீச்சில் பூமி அதிர்ந்தது. 70 பாடசாலைகள் வரை இடிந்து விழுந்தன. நேரம் பின்னேரம் 5.54. பிள்ளைகள் வீட்டில். சில மணித்தியாலம் முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்த அந்த மாநிலம், ஒரே மாதத்தில் பாடசாலைக் கட்டிடங்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டு வந்தது. வரைபடத்தை மாநிலம் பரிசோதிக்கும், கட்டும்போது பரிசோதகர் நிற்பார். பணம் ஊருடையது, ஆனால் உறுதி பார்ப்பது ஊர் அல்ல.

இதை வாசித்தபோது 2004 டிசம்பர் 26 ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா, விடுமுறைக் காலம். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, கல்முனைக் கரை வரை எத்தனை பாடசாலைகளுக்குள் கடல் வந்தது என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்று ஒரு பாடசாலை நாளாக இருந்திருந்தால் என்ற எண்ணத்தை நாம் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அதன் பிறகு கொடையாளிகள் வந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், அவர்கள் வராவிட்டால் நாம் கொட்டிலில்தான் படிப்பித்திருப்போம். ஆனால் கட்டித் தருகிறவர் தான் கட்ட விரும்புவதைக் கட்டித் தந்தார். கணினி அறை வந்தது, மின்சாரம் பிறகு வந்தது. மாடிக் கட்டிடம் வந்தது, பெண்பிள்ளைகளுக்கு மலசலகூடம் வரவில்லை. வாசலில் பளிங்குக் கல்லில் பெயர் மட்டும் மூன்று மொழியிலும் தவறாமல் வந்தது. ஸதகத்துல் ஜாரியாவாக அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். பட்டியலை யார் எழுதுகிறார் என்பதுதான் நமது கேள்வி. பணம் கொடுப்பவர் எழுதுகிறாரா, அந்தக் கட்டிடத்தில் ஆறு மணித்தியாலம் இருக்கப்போகிற பிள்ளைக்காக யாரேனும் எழுதுகிறாரா?

இதுவரை வாசித்தவர்கள் "அப்போ அமெரிக்கா முறைதான் சரி" என்று முடிவெடுத்துவிட வேண்டாம். இனித்தான் மீதிப் பாதி.

டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்ற நகரம். அதற்குள் எட்ஜ்வூட் என்ற கல்வி மாவட்டம், மெக்சிக்க வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி. 1968 மே மாதம் அங்குள்ள உயர்தரப் பாடசாலை மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே நடந்தார்கள். கட்டிடம் சிதைந்திருக்கிறது, தகுதியான ஆசிரியர்கள் இல்லை என்பதே அவர்களின் முறைப்பாடு. விமானப்படைத் தளத்தில் தகட்டு வேலை செய்த டெமட்ரியோ றொட்ரிகஸ் என்ற தகப்பன், வேறு சில பெற்றோரோடு சேர்ந்து வழக்குப் போட்டார்.

வழக்கில் வந்த கணக்கைக் கேளுங்கள். 1967-68 கல்வியாண்டில் எட்ஜ்வூட் மக்கள் நூறு டொலர் சொத்துக்கு 1.05 டொலர் வரி கட்டினார்கள். அந்தப் பெருநகரப் பகுதியிலேயே அதிக வீதம். அதிலிருந்து பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்தது 26 டொலர். அதே நகரத்தின் மறுபக்கம் அலமோ ஹைட்ஸ் என்ற வசதியான பகுதி. அங்கே வரி 0.85 டொலர்தான். பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்தது 333 டொலர். ஏழை கூடிய வீதம் கட்டினான், குறைவாகப் பெற்றான். ஏனென்றால் அவன் வீட்டுக்குப் பெறுமதி இல்லை. வரியை இரட்டிப்பாக்கினாலும் 52 டொலர்தானே வரும்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1973 மார்ச் 21 இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், றொட்ரிகஸ் தோற்றார். கல்வி பெறுவது அமெரிக்க அரசியலமைப்பு பாதுகாக்கும் அடிப்படை உரிமை அல்ல என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. 1989 இல் டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் எட்ஜ்வூட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 1968 இல் வெளியே நடந்த அந்தப் பிள்ளைகளுக்கு அப்போது நாற்பது வயதை நெருங்கியிருக்கும்.

ஊர் வாக்களித்து ஊரே கட்டும் முறையில் இருக்கிற விஷம் இதுதான். வாக்கு எல்லோருக்கும் ஒன்று, காணி எல்லோருக்கும் ஒன்றல்ல. பணக்கார ஊர் சின்ன வீதத்தில் நீச்சல் தடாகம் கட்டும். ஏழை ஊர் பெரிய வீதத்தில் கூரை மட்டும் போடும்.

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1945 இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது எடுத்த வழி இதற்கு எதிரானது. பாடசாலைச் செலவு முழு நாட்டுக்கும் உரியது, எந்த ஊரில் பிறந்தாய் என்று கேட்காதே என்பதுதான் அதன் உயிர். எமது வாப்பாமார் வயலிலும் கடலிலும் நின்று நம்மைப் படிப்பிக்க முடிந்தது அதனால்தான். அதற்கு முன்பும் நமது சமூகம் சும்மா இருக்கவில்லை. 1892 இல் சித்திலெவ்வையும் வாப்பிச்சி மரிக்காரும் கொழும்பில் ஸாஹிறாவைத் தொடங்கியது சமூகத்தின் முயற்சியில்தான். ஆனால் கொழும்பு வியாபாரியின் கை நீளும் தூரம் வேறு, பொத்துவில் விவசாயியின் கை நீளும் தூரம் வேறு. எல்லா ஊருக்கும் எட்டியது இலவசக் கல்விதான்.

இங்கேதான் நாம் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. வலயத்திடம் பணம் இல்லை என்று சொல்லி, பெற்றோரிடம் வசூலித்துக் கூரை போடும் ஒவ்வொரு முறையும், நாம் நமது நாட்டுக்குள் ஒரு எட்ஜ்வூட்டைக் கட்டுகிறோம். பெரிய நகரத்தில் பெயர்பெற்ற பாடசாலையின் பழைய மாணவர்கள் ஒரு இராப்போசன விருந்தில் சேர்க்கும் தொகையை, எமது ஊர் ஒரு வருடம் வீடு வீடாக நடந்தாலும் சேர்க்காது. எமக்கு உள்ளே இருக்கும் தோட்டப் பாடசாலைகளும் எல்லைக் கிராமப் பாடசாலைகளும் அதிலும் பாதியைச் சேர்க்காது. வாக்கும் இல்லாமல், கணக்காய்வும் இல்லாமல், அமெரிக்க முறையின் கெட்ட பாதியை மட்டும் நாம் இறக்குமதி செய்திருக்கிறோம்.

வாக்கும் இல்லை என்று ஏன் சொல்கிறோம்? மாகாணப் பாடசாலை மாகாண சபைக்குக் கீழ். மாகாண சபைக்கு வாக்களிப்பது நாம். அதாவது சுற்றி வளைத்தாவது எமது கூரையில் எமக்கொரு வாக்கு இருந்தது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2012 இல். 2017 இல் அந்தச் சபை கலைந்தது. இதை எழுதும் வரை அடுத்த தேர்தல் இல்லை. அன்று தரம் 1 இல் சேர்ந்த பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைப் பக்கம் வந்துவிட்டார்கள். அவர்களின் பாடசாலைக்குப் பொறுப்பான சபையில் இத்தனை வருடமாகக் கதிரைகள் வெறுமையாக இருக்கின்றன. இதற்கு ஊரில் எந்தக் கட்சிக்காரரும் கூட்டம் போட்டு நாம் பார்க்கவில்லை.

எனவே கூரை விடயத்தில் எமது கருத்து இது. பெரிய வேலை, அதாவது மரம், தகடு, சுவர் வெடிப்பு, அரசின் கடமை. அதற்கான கடிதத்தை விடக் கூடாது. பழைய கடிதங்களின் பிரதிகளை இணைத்து, தொழினுட்ப உத்தியோகத்தரின் அறிக்கையோடு, வலயத்துக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் போக வேண்டும். மழை வரும் முன்பு பிள்ளை நனையாமல் இருக்கச் செய்யும் சிறிய திருத்தத்துக்கு மட்டும் ஊர் பணம் சேர்க்கட்டும். அதற்கும் முதலில் ஒரு தாள் வேண்டும். என்ன வேலை, எத்தனை தகடு, என்ன விலை, யாரிடம் விலை கேட்டது, மிச்சம் வந்தால் எங்கே போகும். எழுபத்தைந்து சொல்லில் முடியும்.

ஒரு தாய் நம்மிடம் சொன்னதையும் எழுதிவிடுகிறோம். கணவர் இல்லை, இடியப்பம் அவித்துக் கொடுத்து மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். போன முறை வசூலுக்கு இரண்டு தவணையாகப் பணம் கட்டினார். "சேர், நான் குடுத்தத்தக் கேக்கல்ல. அது எந்தச் சுவரில இருக்கு எண்டு காட்டினாப் போதும்" என்றார். பற்றுச்சீட்டை இன்னும் வைத்திருக்கிறார். எந்தச் சுவர் என்று காட்டுவதற்கு நம்மிடம் ஒரு தாளும் இருக்கவில்லை. அந்தக் கணக்கு எந்த அலுமாரியில் இருக்கிறது என்று கேட்டு இரண்டு தரம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. மேற்பார்வைக்கு ஒரு சிறிய குழு போடுவதாக இருந்தால், அதில் முதல் பெயராக இந்தத் தாயைத்தான் பிரேரிப்போம். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிலிருந்து ஒருவர், பிள்ளைகள் எல்லாம் படித்து முடித்துப் போன ஒரு மூத்தவர், வசூலே வேண்டாம் என்று வட்ஸ்அப்பில் சண்டை பிடித்தவர், இவர்களும் இருக்கட்டும். ஆசிரியர்கள் நாம் வேண்டாம். சாமான் விற்கிறவர் கட்டாயம் வேண்டாம்.

கடைசியாக, நேரம். கலிபோர்னியாவின் 55 சதவீதச் சலுகைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. எல்லோரும் வழமையாக வாக்களிக்க வரும் தேர்தல் நாளில்தான் அந்த வாக்கெடுப்பை வைக்க வேண்டும். ஒருவருக்கும் தெரியாத ஒரு நாளில், ஆதரவாளர்கள் மட்டும் வரும்படி வைக்க முடியாது. கூட்டத்தின் முடிவு பல நேரம் கூட்டத்தின் நேரத்திலேயே முடிவாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எமது பொதுக்கூட்டம் வழமையாக வேலைநாளில், பகல் இரண்டு மணிக்கு. கடலுக்குப் போனவர் வந்து தூங்கும் நேரம், கடைக்காரர் கடையில், அரச உத்தியோகத்தர் கந்தோரில், தாய்மார் சின்னப் பிள்ளையோடு. முந்நூறு குடும்பத்தில் நாற்பது பேர் வருவார்கள், கையுயர்த்துவார்கள், ஏகமனதாக நிறைவேறியது என்று கூட்டறிக்கை எழுதுவோம். இம்முறை நேரத்தை மாற்றச் சொல்லி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து அதிபரைச் சந்தித்தோம். அவர் நல்ல மனதோடு ஏற்றுக்கொண்டார். சனிக்கிழமை காலை 9.30. டியூஷன் வகுப்பு வைத்திருப்பவர்கள் அன்று பதினொரு மணிக்குப் பிறகு தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளைக் கொண்டு வரலாம், தரம் 1 வகுப்பறையைத் திறந்து வைப்போம், உயர்தர மாணவிகள் பார்த்துக்கொள்வார்கள்.

கூரை வேலைக்கான மதிப்பீட்டுத் தாளின் பிரதி வியாழக்கிழமை பிள்ளைகளின் பைக்குள் வரும். உம்மாமார் பையைத் திறந்து பாருங்கள், பிள்ளை அதில் றொக்கட் செய்துவிடுவதற்கு முன்பு. கூட்டத்துக்கு வரும்போது அதைக் கையோடு கொண்டு வாருங்கள். பின்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம், கேள்வி எழுதுவதற்கு.